வேலி மணலைப் பிடிக்கும்; மணலுக்கு எங்கே போவது?

வையம்பட்டியில் எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு முள்வேலி இருக்கிறது. பழைய வேலி, பாதி கந்தல். ஆடிக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் அதன் அடியில், கிழக்குப் பக்கமாக, ஒரு முழ உயரத்துக்குப் புழுதி மேடு கட்டியிருக்கும். யாரும் அள்ளிப் போட்டதில்லை. அப்பா ஒருமுறை சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "நெருக்கி அடைச்ச எடத்துல மண்ணு தங்கல பாரு. ஓட்டையா கெடக்குற எடத்துலதான் மேடு."

இதை இப்போது நினைத்துக்கொள்ளக் காரணம், நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு காணொளி. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை. மரச்சட்டங்களைக் கம்பியில் கோத்து, மணலில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். அடுத்த காட்சியில் அந்த இடத்தில் ஆள் உயர மணல்மேடு, அதன்மேல் புல். கீழே நண்பரின் கேள்வி: "இவ்வளவு சல்லிசா முடியுற வேலைய விட்டுட்டு, நாம ஏன்யா கோடிக்கணக்குல கல்லைக் கொட்டிக்கிட்டு இருக்கோம்?"

நல்ல கேள்வி. முதல் இரண்டு நாள் நானும் அவர் கட்சிதான். அப்புறம் கொஞ்சம் படித்தேன். மாசி மாதம் வேளாங்கண்ணி போனபோது, கோயிலோடு திரும்பாமல் கரையோரமாகத் தெற்கே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தேன். இப்போது அவர் கட்சியில் முக்கால்வாசி மட்டும் இருக்கிறேன். அந்தக் கால்வாசி ஏன் விலகியது என்பதுதான் இந்தப் பதிவு. கடலுக்கும் உனக்கும் என்னய்யா சம்பந்தம், மணப்பாறைப் பக்கத்து ஆளுக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்குக் கடைசியில் பதில் வைத்திருக்கிறேன்.

முதலில் வேலை நடக்கும் விதம். காய்ந்த கடல்மணல், காற்று நொடிக்கு ஐந்து ஆறு மீட்டர் வேகத்தைத் தொட்டதும் நகரத் தொடங்கும். தூசி மாதிரி மேலே பறந்துவிடாது. தத்தித் தத்திக் குதித்துப் போகும். பெரும்பகுதி நம் முழங்காலுக்குக் கீழேயே நடக்கும் காரியம். கடற்கரையில் காற்றடிக்கும்போது கணுக்காலில் ஊசி குத்துவது போல இருக்குமே, அதுதான். அந்தக் காற்றை ஒரு இடத்தில் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும், மணல் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடும். இதற்குச் சுவர் உதவாது. சுவரில் மோதிய காற்று சுழன்று திரும்பி அடிமணலையே பறித்துவிடும். பாதி மூடல், பாதி திறப்பு என்று இருக்கிற வேலிதான் நன்றாகப் பிடிக்கிறது என்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் நட்டுப் பார்த்துக் கண்டறிந்த கணக்கு. வழக்கமான உயரம் நாலடி, அதாவது 1.2 மீட்டர். அப்பாவின் கந்தல் வேலித் தத்துவத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

வேலி தன் உயரத்துக்கு மணல் சேர்ந்ததும் புதைந்துவிடும். வேலை முடிந்தது. அதற்குமேல் மேடு வேண்டுமென்றால் அதன் தலையில் இன்னொரு வேலி. அதோடு செடி. செடி இல்லாத மேடு அடுத்த காற்றில் இடம் மாறிவிடும். நம் கரையில் இந்த வேலைக்கென்றே பிறந்தவை இருக்கின்றன: அடம்பங்கொடி, இராவணன் மீசை. இராவணன் மீசையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுமே மணல் மூட மூட மேலே தலைநீட்டி, மூடிய கணுவில் வேர்விட்டு, மேட்டைத் தங்களோடு சேர்த்து உயர்த்துகிற சாதி. உண்மையில் வேலி செய்வது இவை வந்து உட்காரும்வரைக்கும் ஒரு ஆரம்ப உதவி, அவ்வளவுதான். அடும்பு படர்ந்த மணல்மேடு சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் வழக்கமான காட்சி. அந்தக் காலத்தில் யாரும் வேலி நடவில்லை.

இந்தத் தொழில்நுட்பத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் பிரான்சின் தென்மேற்குக் கரையான காஸ்கனியில் தொடங்குவார்கள். அங்கே நகரும் மணல்மேடுகள் ஊர்களையே விழுங்கிக்கொண்டிருந்தன. 1780-களின் கடைசியில் பிரெமோந்தியே என்ற பொறியாளர் கரையோரமாகப் பலகைகளை இடைவெளி விட்டு நட்டார். மணல் பலகையின் தலைவரை ஏறியதும் பலகையை நெம்பி மேலே இழுப்பது, மறுபடி ஏறியதும் மறுபடி இழுப்பது. இப்படியே ஒரு முன்மேட்டை வளர்த்து, அதில் புல் நட்டு, பின்னால் பைன் காடு வளர்த்தார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கதையின் அடுத்த அத்தியாயத்தை இவர்கள் எழுத மாட்டார்கள். மணல் நின்றது, பைன் மரம் லாபம் தந்தது, அப்புறம் உள்நாட்டுப் பொட்டலுக்கும் அதையே நீட்டினார்கள். 1857-இல் ஊர்ப் பொதுநிலங்களில் வடிகால் வெட்டி மரம் நட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பொட்டல்தான் பொய்க்கால் கட்டி நடந்து ஆடு மேய்த்த லாந்து இடையர்களின் மேய்ச்சல். அது போனதோடு அந்த வாழ்க்கையும் போனது. வெறும் நிலம் என்று ஒருவர் சொன்னால், அது யாருக்கு வெறும் நிலம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அமெரிக்காவின் வடக்கு கரோலினா கதை இன்னும் பொருத்தம். அங்கே கடலுக்கும் காயலுக்கும் நடுவே நூல்போல நீண்ட மணல்தீவுகள் உண்டு, அவுட்டர் பேங்க்ஸ் என்பார்கள். 1930-களின் பெருமந்தத்தில் வேலையில்லா இளைஞர்களுக்கு வேலை கொடுக்க அரசு திட்டம் போட்டது. அவர்கள் குச்சியும் தழையுமாக வேலி நட்டு, புல் நட்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேலாக மணல்மேட்டை எழுப்பினார்கள். நம்ம நூறு நாள் வேலை மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். மேடு நன்றாகவே எழுந்தது. அதன் பின்னால் சாலை போட்டார்கள், வீடு கட்டினார்கள், மேடு காக்கும் என்று நம்பினார்கள். 1973-இல் ராபர்ட் டோலனும் சகாக்களும் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையில் கை வைத்தது. மேடு வருமுன் புயல் அலை தீவின்மேல் ஏறி, மணலை உள்ளே கொண்டுபோய்ப் பரப்பிவிட்டு, வேகம் தணிந்து வடியும். தீவு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து பிழைத்துக்கொள்ளும். இப்போது அலை மேட்டில் மோதி நிற்கிறது. முன்னால் உள்ள கடற்கரை மெலிகிறது. மேடே நாளைக்கு அரிபடும். டோலனின் வாதம் முழுவதையும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அதே 1973-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அந்த மேட்டைத் தொடர்ந்து பராமரிப்பதை நிறுத்திக்கொண்டது. அங்கிருந்த ஹேட்டராஸ் கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கி நெருங்கி வந்து, 1999-இல் அதை அப்படியே நகர்த்தி உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

இதைச் சொல்வதால் மேட்டுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். மேடு காக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இலங்கைக்குப் போன சர்வதேச ஆய்வுக் குழு, அடுத்த ஆண்டு சயன்ஸ் இதழில் எழுதியது: யாலவில் ஒரு தங்கும் விடுதி, கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் இருந்த மேட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டிருந்தது. அந்த விடுதி அழிந்தது. மேடு அப்படியே இருந்த பக்கத்து இடங்களைவிட அங்கேதான் தண்ணீர் உயரமாக வந்திருந்தது. தமிழ்நாட்டுக் கரையில் அலைக்குப் பின் சுற்றிப் பார்த்த தேசிய கடலியல் நிறுவனத்தின் மஸ்கரென்யாஸும் ஜெயக்குமாரும் மணல்மேடும் கரைக்காடும் செய்த காவலைப் பற்றி 2008-இல் விரிவாக எழுதினார்கள்.

இங்கேதான் ஒரு விவாதத்தை நினைவுபடுத்த வேண்டும். சுனாமி முடிந்த சூட்டில் பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடும் மற்ற தாவரங்களும் உயிரிழப்பைக் குறைத்தன என்று கதிரேசனும் ராஜேந்திரனும் 2005-இல் எழுதினார்கள். அது உலகமெங்கும் எடுத்தாளப்பட்டது. அடுத்த ஆண்டே கெர், பெயர்ட், காம்ப்பெல் என்ற மூவர் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டைக் கணக்கில் சேர்த்ததுமே, தாவரத்துக்கென்று தனியாகச் சொல்ல ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். மரம் வளர்ந்த இடம் ஏற்கெனவே மேடான இடமாக, கடலுக்குத் தள்ளிய இடமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்த மறுகணக்கு சரியாகவே படுகிறது. 18 ஊர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்து மரம் பயனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் உயரம் முக்கியம் என்பது இரண்டு தரப்பிலிருந்தும் தப்பி நிற்கிற முடிவு. கரையில் உயரத்துக்கு மற்றொரு பெயர் மணல்மேடு.

சரி, இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் நம் கரையில் என்ன நடந்தது? சவுக்கு நட்டோம். 'உயிர் அரண்' என்று பெயர். நிவாரண நிதியும் உலக வங்கிக் கடனும் இருந்தன, இலக்கு எக்டேரில் இருந்தது, எக்டேரை நிரப்ப வேகமாக வளர்கிற மரம் வேண்டியிருந்தது. சவுக்கு நம்ம ஊர் மரம் அல்ல; விறகுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் கரைகளில் பரவியது. மணலில் வளரும், காற்றைத் தணிக்கும், நாலைந்து வருடத்தில் காசாகும். வனத்துறையைக் குறை சொல்வது எளிது. காற்று தணிந்தால் பின்னால் உள்ள கடலை, மிளகாய்ப் பயிருக்கு நல்லதுதான். ஆனால் சவுக்கு உதிர்க்கும் ஊசிச் சருகு மெத்தைபோலப் படிந்து, நிழலும் சேர்ந்து, அடியில் அடம்பும் இராவணன் மீசையும் எழ விடாது. சில இடங்களில் இருந்த மணல்மேட்டைச் சமன்செய்துவிட்டு அங்கே சவுக்கு நட்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது ஒருமுறைக்கு இருமுறை அந்த வரியைப் பார்த்தேன். மணல்மேடுகளை வெட்டிச் சமன்செய்வதும் உருமாற்றுவதும் 1991-இன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையிலிருந்தே தடைப் பட்டியலில் இருக்கிறது. காப்பதற்கென்றே வந்த திட்டம், காத்துக்கொண்டிருந்ததைத் தட்டி நிரவிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கியிருக்கிறது.

மணல் வேலி விஷயத்தில் என் பயமும் இதுதான். வேலி கெட்டதல்ல, சவுக்கும் கெட்டதல்ல. கிலோமீட்டரில் இலக்கு வைத்து, டெண்டர் விட்டு, மார்ச் 31-க்குள் நட்டு முடித்துப் படம் எடுத்து அனுப்பும் பொருளாக அது மாறினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இப்போது நெய்தல் மீட்சி இயக்கம் என்று தமிழ்நாடு அரசே தொடங்கியிருக்கிறது. பெயர் அழகாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டுவைக்கலாம் என்று தோன்றியது.

காற்றிலிருந்து தொடங்குவோம். காணொளியில் வந்த கரைகளில் பெரும்பாலும் காற்று கடலிலிருந்து கரைக்கு, வருடத்தில் பல மாதம். சோழமண்டலக் கரை அப்படி இல்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். மணலைத் திருப்பிக் கடலுக்குத்தான் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கடலிலிருந்து வரும், ஆனால் மழையோடு வரும். நனைந்த மணல் பறக்காது. கடலும் அப்போது ஏறி அடிக்கும். நட்ட வேலியைப் பிடுங்கிக்கொண்டு போக வாய்ப்பு அதிகம். மிஞ்சுவது தை கடைசியிலிருந்து வைகாசி வரை. வெயில், காய்ந்த மணல், பிற்பகலில் கடற்காற்று. வேலி வேலை செய்யும் பருவம் அந்த நாலு மாதம்தான்.

அந்த நாலு மாதத்தில் கரையில் வேறு யார் இருக்கிறார்கள்? முதலில் ஆமை. பெயரே பங்குனி ஆமை. தையிலிருந்து பங்குனி வரை இரவில் கரையேறி, உலர்ந்த மணலில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டுப் போகும். நீளமாக ஒரே வேலி அடைத்தால் அதற்கு வழியில்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கும் கடலுக்குப் போக வழியில்லை. ஃபுளோரிடாவில் இதற்காகவே விதி வைத்திருக்கிறார்கள்: வேலி 10 அடிக்கு மிகாத துண்டுகளாக இருக்க வேண்டும், நடுவில் குறைந்தது 7 அடி இடைவெளி, கரைக்கு நேராக இல்லாமல் சாய்வாக. நம் ஊரில் வேலியை இறக்குமதி செய்தால் இந்த விதியும் சேர்ந்து வர வேண்டும். வராது என்றே நினைக்கிறேன், தொழில்நுட்பம் பயணம் செய்யும்போது அதன் நிபந்தனைகள் பொதுவாக ஊரிலேயே தங்கிவிடும்.

அடுத்து மனிதர்கள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில், படகு நிழலில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். செல்போனில் அந்தக் காணொளியைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார்.

"மேடு இருந்தா நல்லதுதான் தம்பி. யாரு வேணாம்பா? ஆனா இவங்க படகை எங்க ஏத்துறாங்க?"

நான் யோசித்திருக்கவே இல்லை. காணொளியில் படகே இல்லை.

"அங்க படகு இல்லீங்கய்யா, குளிக்க வர்ற கரை."

"அப்ப சரி. எங்களுக்கு இது வாசல். இங்கதான் படகு, வலை, கருவாடு, எல்லாம். கரைவலை இழுக்கணும்னா எம்புட்டு நீளத்துக்கு ஆளு பின்னால நடக்கணும் தெரியுமா? குறுக்க குச்சி நட்டா எப்படி?"

சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "எங்க எங்க வழி விடணும்னு எங்களைக் கேட்டு நட்டா நடலாம். அதுக்குத் தென்னங்கீத்துத் தட்டியே போதும், கருக்கு மட்டையே போதும். மரச்சட்டம் எதுக்கு? ஆனா அந்த வழியிலதான் தண்ணி வரும், அதையும் பாத்துக்கணும்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மேட்டில் விடும் இடைவெளி வழியாகத் தண்ணீர் ஒன்றுகூடிப் பாயும் என்பது பொறியாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயம். அவர் அதைத் தட்டி, மட்டை பற்றிப் பேசிக்கொண்டே போகிற போக்கில் சொல்லிவிட்டார். வழியை நேராக விடாமல் சாய்த்து விட்டால் ஓரளவு சமாளிக்கலாம் என்று நான் படித்ததைச் சொன்னேன். "படகு சாஞ்சு போகுமா?" என்று கேட்டுச் சிரித்தார். டிராக்டர் வைத்து இழுக்கும் ஊரில் போகும், தோளில் தள்ளும் ஊரில் போகாது. இதையெல்லாம் ஒரு ஊர் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்குப் பெரியது: மணல்.

வேலி மணலைத் தயாரிக்காது. கடற்கரையில் காய்ந்து கிடக்கிற மணலைப் பிடித்து ஒரு இடத்தில் நிறுத்தும், அவ்வளவே. காய்ந்து கிடக்க அகலமான கரை வேண்டும். தேசிய கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை அளந்ததில், தமிழ்நாட்டுக் கரையில் 42.7 சதவீதம் அரிப்பில் இருக்கிறது. அரிக்கிற கரையில் வேலி நட்டால் அடுத்த பெரிய அலையில் சட்டமும் கம்பியும் மிதக்கும். மீனவர் ஊர்களில் அரிப்பு வந்ததும் கேட்பது தூண்டில் வளைவு. கேட்பதில் தப்பில்லை, வீடு போகிறவன் வேறென்ன கேட்பான்? ஆனால் நம் கரையில் அலை பெரும்பாலான மாதங்கள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகிறது. வளைவு போட்ட ஊரில் மணல் சேரும். அதற்கு வடக்கே உள்ள ஊர் காலியாகும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே ராயபுரம் கரைந்ததும் இதே கணக்குத்தான். ஒரு ஊரின் வேலி பிடிக்கும் மணல் இன்னொரு ஊருக்குப் போகவேண்டியதா என்ற கேள்வி வேலிக்கும் உண்டு. வளைவு பிடிப்பதோடு ஒப்பிட்டால் வேலி பிடிப்பது சொற்பம், அதுவும் கரையிலேயே சேமிப்பாக நிற்கிறது, புயலில் கரைந்து மறுபடி கடற்கரைக்கே போகிறது. அந்த வகையில் வேலி நியாயமான கருவி. கல்லைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த மணல் முதலில் எங்கிருந்து கரைக்கு வந்தது? டெல்டாக் கரைக்குப் பெரும்பங்கு காவிரியும் கொள்ளிடமும் கொண்டுவந்து கொட்டியது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, அதற்கு மேலே உள்ள மணல் 93 டி.எம்.சி. நீர்த்தேக்கத்தின் அடியில் உட்கார்ந்துவிடுகிறது. கீழே வந்து சேரும் பவானி, அமராவதியிலும் அணை. மிச்சம் இருந்தது ஆற்றுப் படுகையில் காலங்காலமாகச் சேர்ந்திருந்த இருப்பு. அதைத்தான் நாங்கள் அள்ளினோம். நாங்கள் என்றால் திருச்சி, கரூர், தஞ்சாவூர். 2003-இல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. லாரி வரிசை குறைந்ததாக நினைவில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாளில், 22-ஆம் தேதி, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. வெள்ளம்தான் காரணம் என்றார்கள். படுகையில் மணல் இல்லாமல் போனதுதான் என்று ஊரே பேசியது. அன்று பாலத்தைப் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் நின்றேன். பாலத்தின் கால் எவ்வளவு ஆழத்துக்கு வெளியே தெரிகிறது என்றுதான் எல்லோரும் பார்த்தோம். அந்த மணல் எங்கே போய்ச் சேர வேண்டியது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கரையைப் பற்றி எழுதப்படும் திட்டங்களில் எனக்குள்ள முதன்மையான குறை இதுதான். அவை உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் உள்ளே வந்ததும் நின்றுவிடுகின்றன. அதற்கப்பால் கடல் இல்லை என்பதுபோல. மணல் வேலி பற்றிய கட்டுரைகளும் வேலியின் உயரம், இடைவெளி, புல்லின் பெயர் எல்லாம் சொல்லும். ஆற்றைப் பற்றிப் பேசாது. பிரெமோந்தியேவுக்கு ஆற்றைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு மணல் அளவுக்கு மீறி இருந்ததுதான் பிரச்சினை. நமக்கு நேர் எதிர். நோய் வேறு, மருந்துச் சீட்டு மட்டும் அதே.

நண்பருக்கு என் பதில் இப்படி அமைந்தது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போல இன்னும் மேடு உயிரோடு இருக்கிற இடங்களில் வேலியே வேண்டாம். மேட்டைத் தொடாமல் இருந்தாலே போதும். மேடு இருந்து அழிந்து, கரை இன்னும் அகலமாக இருக்கிற இடங்களில், ஊரைக் கேட்டு, கீற்றுத் தட்டியைத் துண்டு துண்டாக நட்டு, அடம்பை விதைத்துப் பார்க்கலாம். முதல் வருடம் நூறு மீட்டர் போதும். யார் மாற்றி நடுவார்கள், புதைந்த தட்டியை யார் கவனிப்பார்கள் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். கரை அரிக்கிற இடங்களில் வேலி வீண் செலவு. அங்கே பேச்சை முக்கொம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

"நீ என்னப்பா, நாலு குச்சியைப் பத்திக் கேட்டா ஆத்தைப் பத்தி பேசுறே" என்று பதில் போட்டார்.

உனக்கென்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீடு கட்டியபோது மணல் எம்-சாண்ட் அல்ல. அப்போது அந்தப் பெயரே எங்கள் பக்கம் பழக்கமில்லை. கொள்ளிடத்து மணல்தான். லாரியில் மூன்று யூனிட், ராத்திரியில் வந்து கொட்டுவார்கள். காலையில் நாங்கள் பிள்ளைகள் அதில் ஏறிக் குதித்து, கிளிஞ்சல் பொறுக்குவோம். அம்மாவின் பழைய கணக்கு நோட்டில் பார்த்தேன்: மொத்தம் இருபது யூனிட். ஒரு யூனிட் நூறு கன அடி. ஆக, இரண்டாயிரம் கன அடி, ஏறக்குறைய 57 கன மீட்டர். நாலடி வேலி ஒன்று முழுக்கப் புதைந்து, எட்டு மீட்டர் அகலத்துக்கு இருபுறமும் சரிந்த மேடாக நின்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஐந்து கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மணல் பிடிக்கும். இது என் கணக்கு, முக்கோணம் போட்டுப் பார்த்தது. வீட்டு மணல் பருமணல். காற்றில் பறக்கும் பொடிமணல் அதில் ஒரு பங்குதான் இருந்திருக்கும், அதிலும் எல்லாம் கடல்வரை போயிருக்காது. அதையெல்லாம் கழிக்காமல் சொன்னால், பன்னிரண்டு மீட்டர் நீள மணல்மேடு ஒன்று வையம்பட்டியில் என் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. ஒரு படகுத்துறை அகலம்.

இந்தக் கணக்கை அந்தப் பெரியவரிடம் சொல்லவில்லை. அடுத்த மாசிக்குப் போகும்போது சொல்ல வேண்டும்.